நாயும் உறங்கவேண்டும், வீடும் உறங்கவேண்டும்

சென்ற மாதத்தில் ஒரு சனிக்கிழமை காலை, கொக்குவிலில் வசிக்கும் நண்பர் ஒருவரைக் காணச் சென்றிருந்தேன். படலை திறக்கும் ஓசை கேட்டதுமே எழுந்து வந்து வரவேற்கும் இயல்புடையவர் அவர். அன்றோ விறாந்தையிற் சாய்மனைக் கதிரையில் அசையாது கிடந்தார். நான் அருகிற் சென்று அழைத்தபின்பே கண் திறந்தார். கண்கள் இரண்டும் கொவ்வைப்பழமாய்ச் சிவந்திருந்தன. கதிரையின் காலடியில் ஒரு வெறுஞ்சாக்கும் ஒரு துண்டுக் கயிறும் கிடந்தன. காலை வேளையிற் சாக்கும் கயிறுமாக எங்கே புறப்பாடு என்று வினவினேன்.

"இண்டைக்குக் கொண்டுபோய்ச் சந்தையடியிலை விட்டிட்டு வரப்போறன். ஒன்பது நாளாய் இந்த வீட்டிலை ஒருத்தரும் கண் மூடேல்லை" என்றார்.

சந்தையடியில் விடப்படவிருந்தது ஒரு நாய்க்குட்டி. கிளிநொச்சியில் உறவினர் தோட்டத்திற் பிறந்து, இரண்டரை மாதம் நிரம்பிய நிலையில், பத்து வயது நிரம்பிய இளைய மகனின் வேண்டுதலால் இவ்வீட்டுக்கு வந்து சேர்ந்தது. பகலில் ஒரு குறையுமில்லை. இரவு ஒன்பது மணிக்கு அதனைக் கோடிப்புறத்து விறகுக் கொட்டிலிலே கட்டிவிட்டுக் கதவைச் சாத்தியதும் தொடங்கும் அழுகை. பன்னிரண்டு மணிவரை முனகல், அதன்பின் ஊளை, விடியற்புறம் மூன்று மணிக்கு மீண்டும் முதலிலிருந்து. மூத்த மகள் உயர்தரப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருக்கிறாள். பின் வேலிக்கு அப்பால் உள்ளவர் இரண்டு தடவை வந்து முறையிட்டுவிட்டார். நண்பரின் தாயாரோ இவையெல்லாவற்றையும்விடப் பெரிய காரணம் ஒன்றை வைத்திருந்தார்.

"நாய் ஊளையிட்ட வீடு உருப்படாது, தம்பி. கேட்டுக் கேட்டு எனக்கு நெஞ்சு பதறுது."

யமதூதர் வருவதை நாய் காண்கிறது, அதனாலேயே ஊளையிடுகிறது என்பது நம்மவரிடையே நெடுங்காலமாக நிலவும் நம்பிக்கை. அந்த அம்மையாரின் வயதையும் அச்சத்தையும் எண்ணி நான் மறுத்துப் பேசவில்லை. ஆயினும் ஒன்றை மட்டும் இவ்விடத்திற் சொல்லவேண்டும். நம் ஊர்களில் வைரவர் கோயில் இல்லாத சந்தியைக் காண்பது அரிது. வைரவருக்கு வடைமாலை சாத்துகிறோம். அவருடைய வாகனத்தை மாத்திரம் விறகுக் கொட்டிலிற் கட்டுகிறோம்.

பையன் எங்கே என்று தேடினேன். கிணற்றடியில், துணி துவைக்கும் கல்லின்மேல், குட்டியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். காலைச் சாப்பாடு தொடப்படாமலே குசினியில் இருந்தது. குட்டி அவன் மடியிற் சுருண்டு, வயிறு ஏறி இறங்க, நல்ல உறக்கத்தில் இருந்தது. இரவெல்லாம் ஊரை எழுப்பிய பிராணி இதுதானா என்று ஐயுறத் தோன்றிற்று.

"இது அழுறது அதின்ரை அம்மாவைத் தேடித்தானே, மாமா?" என்றான்.

பெரியவர்கள் ஒன்பது இரவுகளாகக் கேளாத கேள்வியை அவன் கேட்டுவிட்டான். நண்பரிடம் பத்து நாள் தவணை வாங்கிக்கொண்டு, அன்று இரவு அங்கேயே தங்கினேன்.

நாய்க்குட்டி பிறக்கும்போது அதற்குக் கண்ணும் இல்லை, காதும் இல்லை. இரண்டும் திறக்க ஏறத்தாழ இரண்டு வாரங்கள் செல்லும். முதல் வாரங்களில் தன் உடலின் சூட்டைத் தானே காத்துக்கொள்ளவும் அதற்கு இயலாது. ஆகையினால் தாயின் வயிற்றோடும் உடன்பிறந்த குட்டிகளோடும் ஒட்டிக் குவியலாய்க் கிடந்தே உறங்குகிறது. உறக்கம் என்றால் சூடும், மூச்சோசையும், பழகிய மணமும் என்பதே அது பிறந்த நாள் முதல் அறிந்தது. எட்டு வாரங்களுக்குப் பின்பு ஒருநாள் திடீரென்று இவையாவும் இல்லாமற் போகின்றன. இருட்டும் கயிறும் அறியாத மண்ணின் மணமும் மட்டுமே எஞ்சுகின்றன. தனித்துப்போன குட்டி கத்துவது அதன் குறும்பு அன்று. காட்டிலே வழிதப்பிய ஓநாய்க்குட்டி கத்தாதிருக்குமாயின் தாய் அதனை எவ்வாறு கண்டுபிடிக்கும்? அதன் மரபிலே ஊறிய பாதுகாப்பு அது.

அமெரிக்காவில் மேய்ன் மாகாணத்திலுள்ள ஓர் ஆராய்ச்சிக்கூடத்தில் ஜோன் போல் ஸ்கொட், ஜோன் புல்லர் என்னும் இரு விஞ்ஞானிகள் பல ஆண்டுகளாக நாய்க்குட்டிகளை வளர்த்து ஆராய்ந்து, 1965-ஆம் ஆண்டில் ஒரு பெருநூலை வெளியிட்டனர். குட்டியின் மூன்றாம் வாரம் முதல் ஏறத்தாழப் பன்னிரண்டாம் வாரம் வரையுள்ள காலமே அது யாரோடு உறவு கொள்வது, எதனைக் கண்டு அஞ்சுவது என்பவற்றைக் கற்றுக்கொள்ளும் காலம் என அவர்கள் எடுத்துக்காட்டினர். நண்பர் வீட்டுக் குட்டி அந்தப் பருவத்தின் இறுதியில் நின்றது. இரவு என்பது அச்சம், கொட்டில் என்பது தனிமை என்று அதற்கு நாள்தோறும் ஒழுங்காகப் பாடம் நடந்துகொண்டிருந்தது.

அன்று மாலை செய்தவை இவை. முதலிற் சாப்பாட்டு நேரத்தை மாற்றினோம். வீட்டார் இரவு பத்து மணிக்கு உண்டு, மிஞ்சிய சோற்றையும் மீன்குழம்பையும் குட்டிக்கு இடுவது அங்கு வழக்கம். குட்டியின் குடல் சிறியது. பத்து மணிக்கு உண்டது நள்ளிரவுக்குப்பின் வெளியேறியே தீரும். உறைப்பும் உப்பும் உள்ள குழம்பு தாகத்தை உண்டாக்க, குடித்த தண்ணீர் மறுபடி அதனை எழுப்பும். ஆகவே, உப்பும் உறைப்பும் இன்றி அவித்த மீனும் சோறும் மாலை ஆறு மணிக்கே கொடுக்கப்பட்டன. மீன்முள் கவனமாக நீக்கப்பட்டது. தண்ணீரை மறைத்து வைக்கக்கூடாது. நம் நாட்டு வெக்கையில் அது பெருந்தீங்கு. உணவு முந்தினால் இரவிற் குடிக்கும் தண்ணீரின் அளவு தானே குறையும்.

அதன்பின் பையன் அதனோடு வளவிற் சிறிது நேரம் ஓடியாடினான். எட்டு மணியோடு ஆட்டம் நிறுத்தப்பட்டது. உறங்கும் நேரத்தில் விளையாட்டுக் காட்டி உசுப்பிவிட்டுப் பின்பு 'உறங்கு' என்றால் மனிதக் குழந்தையே உறங்காது. பத்து மணிக்கு வேலியோரம் ஒரே இடத்துக்கு அழைத்துச் சென்று, அது சிறுநீர் கழிக்கும்வரை பேசாமல் நின்று, கழித்ததும் தட்டிக்கொடுத்து உள்ளே கொணர்ந்தோம்.

எங்கே படுக்கவைப்பது என்பதிலேதான் வீட்டில் வழக்கு எழுந்தது. உள்ளே வரக்கூடாது என்பது பாட்டியாரின் கட்டளை. கொட்டிலில் விட்டாற் பழைய கதைதான். ஈற்றில், பையனின் பாய் விறாந்தைக்குப் போயிற்று. அவன் தலைமாட்டில் ஒரு மரப்பெட்டி சரித்து வைக்கப்பட்டது. பையன் ஓடிச்சென்று அந்தச் சாக்கை எடுத்துவந்து, நான்காய் மடித்துப் பெட்டிக்குள் விரித்தான். அதன்மேல் தான் அன்று கழற்றிய சட்டையையும் போட்டான். நண்பர் பார்த்துக்கொண்டிருந்தார், ஒன்றும் சொல்லவில்லை.

முதல் இரவு பன்னிரண்டு மணிக்கு முனகல் கேட்டது. பையன் கையை நீட்டிப் பெட்டிக்குள் வைத்தான், முனகல் நின்றது. இரண்டு மணிக்கு மறுபடியும் முனகி, பெட்டியைப் பிறாண்டியது. இந்த இரண்டு முனகல்களுக்கும் வேற்றுமை உண்டு. படுத்தபடி முனகுவது துணை தேடி. எழுந்து மோப்பம் பிடித்துச் சுற்றுவது வெளியே போவதற்கு. மூன்று மாதக் குட்டியால் விழித்திருக்கையில் மூன்று, நான்கு மணி நேரத்துக்குமேற் சிறுநீரை அடக்குதல் அரிது. உறங்கும்போது சற்றுக் கூடுதலாக அடக்கும். இரண்டு மணிக்கு அதனைத் தூக்கிச் சென்று, விளக்குப் போடாமல், பேச்சுக் கொடுக்காமல், காரியம் முடிந்ததும் பெட்டியில் விட்டோம். இராக்காலத்தில் எழுந்தால் விளையாட்டு உண்டு, பிசுக்கோத்து உண்டு என்று அது கண்டுகொண்டால் அந்தப் பழக்கத்தை மாற்றப் பல வாரங்கள் செல்லும்.

நான்காம் நாள் நண்பர் தொலைபேசியில் அழைத்து, அழுகை ஒரு தடவையாகக் குறைந்தது என்றார். ஏழாம் நாள் இரவு குட்டி பத்தரைக்குப் படுத்து நாலரைக்கு எழுந்ததாம். இனி அந்தப் பெட்டி இரண்டு மூன்று நாளுக்கு ஒரு முறை ஒரு முழம் நகர்ந்து, விறாந்தையின் மறுகோடிக்குப் போகும். குட்டி தனியே படுக்கப் பழகும். பையனின் பாயும் அறைக்குத் திரும்பும். ஒரே நாளிற் செய்யவேண்டியதன்று இது. சிலர் குட்டி எவ்வளவு கத்தினாலும் திரும்பிப் பாராமல் விட்டால் தானே அடங்கும் என்பர். அடங்குவதும் உண்டு. ஆனால் சோர்ந்து அடங்கிய குட்டிக்கும் அமைதியுற்று உறங்கிய குட்டிக்கும் வேறுபாடு உண்டு என்பது என் அபிப்பிராயம். அந்த வேறுபாடு பிற்காலத்தில், தனியே விட்டுச் சென்றாற் கதவைக் கடித்துக் குதறும் நாயிலே தெரியவரும்.

வளர்ந்த நாயைப் பற்றியும் பலர் கேட்பதுண்டு. "பகலெல்லாம் பூனைமாதிரிக் கிடக்குது, இரவிலை குரைச்சே கொல்லுது" என்பது வழக்கமான முறைப்பாடு. நம் ஊரில் நாயைக் காலை ஆறு மணிக்குக் கட்டி, இரவு ஒன்பது மணிக்கு அவிழ்த்து விடுகிறோம். கட்டுண்ட நாய் வேறு வேலையின்றிப் பகல் முழுதும் உறங்குகிறது. இரவிற் களைப்பின்றி, பசியோடு, அவிழ்த்துவிடப்பட்டு வளவைச் சுற்றுகிறது. இராக்காவலாளி வேலைக்கு நாமே அமர்த்திவிட்டு, அவன் விழித்திருக்கிறானே என்று கோபிக்கிறோம்.

நாயின் உறக்கம் மனிதனுடைய உறக்கம் போன்றதன்று. அவுஸ்திரேலியாவில் வீட்டு நாய்களை இரவிரவாகக் கவனித்து அடம்ஸ், ஜோன்சன் ஆகியோர் 1993-ஆம் ஆண்டு வெளியிட்ட ஆராய்ச்சியில், நாய் சராசரி 16 நிமிடம் உறங்கி 5 நிமிடம் விழித்திருந்து, மறுபடி உறங்குவதாகக் கண்டனர். எட்டு மணி நேர இரவில் இவ்வாறு இருபதுக்கு மேற்பட்ட சுற்றுக்கள். ஆகவே, நள்ளிரவில் நாய் தலை தூக்கிப் பார்ப்பது நோயுமன்று, குற்றமுமன்று. தலை தூக்கியபோது கேட்கும் ஒவ்வோர் ஓசைக்கும் அது குரைக்கவேண்டுமா என்பதே கேள்வி. நமக்குக் கேளாத ஓசைகளும் அதற்குக் கேட்கும். மனிதச் செவி ஒரு விநாடிக்கு ஏறத்தாழ 20,000 அதிர்வுக்கு மேற்பட்ட ஒலியை உணராது. நாயின் செவி 40,000-க்கும் மேலே உணரும். வேலியடியில் அகிழான் மண் கிளறுவதும், மாமரத்தில் மரநாய் ஏறுவதும் அதற்கு நமக்குத் தெருவில் வண்டி ஓடுவதுபோல. படலையருகிற் படுக்கும் நாயைப் பின்புறத் தாழ்வாரத்துக்கு மாற்றிவிட்டாலே பாதிக் குரைப்புக் குறைந்த வீடுகளை நான் அறிவேன்.

மார்கழித் திருவெம்பாவைக் காலத்தில், விடியற்காலையிற் சங்கும் சேமக்கலமும் ஒலிக்கையில் ஒழுங்கை நாய்கள் எல்லாம் ஒருமித்து ஊளையிடுவதை யாழ்ப்பாணத்தார் எல்லாரும் கேட்டிருப்பர். நீண்டு இழுபடும் சங்கோசை அவற்றின் காதுக்கு இன்னொரு நாயின் ஊளையைப் போலப் படுகிறது, பதில் கொடுக்கின்றன. அதனை அடக்க முயல்வது வீண். பட்டாசு வேறு விஷயம். தீபாவளியிலும் புத்தாண்டிலும் பட்டாசுச் சத்தத்தால் நடுங்கி ஒளிக்கும் நாயைக் கட்டிப்போடுதல் கொடுமை. கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடித் தெருவில் அடிபடும். அன்றிரவு அதனை உள்ளறையில் விட்டு, யன்னலைச் சாத்தி, அருகில் ஒருவர் இருப்பது நல்லது.

கட்டியிருக்கும் நாய்க்குக் காலையில் அரைமணி, மாலையில் அரைமணி நடை கொடுங்கள். நடக்கும்போது வேலிதோறும் நின்று மோப்பம் பிடிக்க விடுங்கள். அது அதற்குப் பத்திரிகை வாசிப்பது போன்றது. மாணவர்களுக்கு ஆர்வமூட்டக்கூடிய ஒரு செய்தி: ஹங்கேரி நாட்டின் புடாபெஸ்ட் நகரப் பல்கலைக்கழகமொன்றில், நாய்களின் தலையில் நோவில்லாதபடி மின்கம்பிகளை ஒட்டி, எசமானர் அருகில் இருக்க அவற்றை உறங்கவைத்து, மூளையின் அலைகளைப் பதிவு செய்கிறார்கள். பகலில் அன்பாக நடத்தப்பட்ட நாயும் அச்சுறுத்தப்பட்ட நாயும் ஒரே விதமாக உறங்குவதில்லை என்பது 2017-ஆம் ஆண்டில் அங்கு வெளியான முடிவு. மாலையில் அடி வாங்கிய நாய் இரவில் நன்றாக உறங்கும் என்று எதிர்பார்ப்பதற்கு இடமில்லை.

இவ்வளவும் செய்தும் உறங்காத நாய்க்கு உடம்பில் ஏதோ உண்டு. காதுக்குள்ளும் கால்விரல்களின் இடுக்கிலும் உண்ணி இருக்கிறதா என்று முதலிற் பாருங்கள். உண்ணியும் தெள்ளும் பகலிலும் கடிக்கும். ஆனால் ஓய்ந்து படுக்கும்போதே நாய் அதனை முழுவதும் உணரும். உண்ணிக்கு மண்ணெண்ணெய் பூசும் வழக்கம் இன்னும் ஒழியவில்லை. அது தோலைப் புண்ணாக்கும்; நக்கினால் வயிற்றையும் நுரையீரலையும் கெடுக்கும். மேலும், உண்ணி கடித்தலால் இரத்தத்திற் கிருமி புகுந்து காய்ச்சலும் சோகையும் உண்டாவது நம் நாட்டில் மிகுதி. முரசு வெளிறி, உணவு மறுத்துச் சோர்ந்து கிடந்தால் அன்றே மிருக வைத்தியரிடம் கொண்டுசெல்ல வேண்டும். காதை ஓயாமல் உதறுவது காதுப் புண்ணைக் காட்டும். திடீரென்று மிகுதியாகத் தண்ணீர் குடித்து இரவிற் பல முறை சிறுநீர் கழித்தால் சிறுநீரகத்தையும் சர்க்கரை வியாதியையும் சோதிக்கவேண்டும். குட்டிக்குப் பூச்சி மருந்து கொடுக்க மறவாதீர்கள்.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். வீட்டிலுள்ள மனிதர் மருந்தை நாய்க்குக் கொடாதீர்கள். நித்திரைக் குளிசையானாலும் சரி, பரசிற்றமோல், இபுபுறூபன் போன்ற நோவுக் குளிசையானாலும் சரி, வைத்தியர் சொல்லாமற் கொடுத்தல் ஆபத்து. பாதிக் குளிசை என்று எண்ணிக் கொடுத்ததே நாயின் ஈரலையோ குடலையோ கெடுத்துவிடக்கூடும்.

இன்னொன்று. சாதுவான நாய் ஓரிரு நாளிற் சுபாவம் மாறி, நிலைகொள்ளாமல் அலைந்து, குரல் கம்மி, வாயில் நீர் வடித்து, கண்டதைக் கடிக்குமானால் உறக்கத்தைப் பற்றி யோசிக்கும் நேரமன்று அது. விசர்நாய் நோய் என்று கருதிப் பிள்ளைகளை அப்புறப்படுத்தி, அருகே செல்லாமல், சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைக்கும் கால்நடை வைத்தியருக்கும் அறிவிக்கவேண்டும். கடியோ கீறலோ பட்டால், அல்லது புண்ணில் அது நக்கினால், சவர்க்காரமும் ஓடும் தண்ணீரும் கொண்டு பதினைந்து நிமிடம் கழுவி உடனே அரசாங்க வைத்தியசாலைக்குச் செல்லுங்கள். நாய்க்கு இந்நோய்த் தடுப்பூசி அரசாங்கத்தால் இலவசமாகப் போடப்படுகிறது. நண்பர் வீட்டுக் குட்டிக்கு அது இன்னும் போடப்படவில்லை என்பதை அறிந்து, பையனின் கொப்பியில் அதற்குரிய நாளைக் குறித்துக் கொடுத்தேன்.

இனி, நான் எதிர்பாராத விஷயத்துக்கு வருகிறேன். எட்டாம் நாள் நண்பர் மறுபடி அழைத்தார். குரலில் ஒரு குழப்பம். "குட்டி நல்ல நித்திரை. ஆனால் இரவு இரண்டு மணிக்கு ஊளை கேட்டது. அம்மா எழும்பிக் குந்திக்கொண்டு தேவாரம் படிக்கிறா." ஒன்பது இரவுகளாகப் பாட்டியார் கேட்டு நடுங்கிய ஊளை முழுவதும் குட்டியுடையதன்று. அது ஒழுங்கையின் எதிர்ப்புறத்து வீட்டிலிருந்து வந்தது.

அந்த வீட்டில் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் தனித்து வாழ்கிறார். பிள்ளைகள் இருவரும் கனடாவில். கணவர் காலமாகி ஆறு ஆண்டுகள் ஆகின்றன. அவர் வளர்த்த நாய் ஒன்று துணையிருக்கிறது. அதற்கு இப்பொழுது வயது பதின்மூன்று. நாங்கள் இருவரும் சென்று, "ரீச்சர், நாய்க்கு ஏதும் சுகமில்லையோ?" என்று கேட்டபோது, அவர் முதலில் ஒன்றும் இல்லை என்றே சொன்னார். பின்பு கதிரையில் உட்கார்ந்தார்.

"சத்தம் வெளியிலை கேக்கக்கூடாதெண்டு யன்னலெல்லாம் பூட்டித்தான் வைக்கிறனான். பூட்டியும் கேட்டிட்டுதோ? ஊசி போட்டு முடிச்சுவிடச் சொல்லுவினம் எண்டுதான் ஒருத்தருக்கும் சொல்லேல்லை."

மூன்று மாதமாக இரவு இரண்டு மணிக்கு எழுந்து அறைக்கு அறை நடக்கிறதாம். சுவர் மூலையில் முகத்தை வைத்துக்கொண்டு, பின்னே திரும்பத் தெரியாமல் நின்று ஊளையிடுமாம். பகலில் நல்ல உறக்கம். சில வேளை தன்னையே யார் என்று பார்க்கிறது என்று சொல்லும்போது அவர் குரல் தழுதழுத்தது.

மனிதருக்கு முதுமையில் வரும் மறதி நோயைப் போன்றதொன்று நாய்க்கும் வருவதுண்டு. இரவு பகல் மாறிப்போதல் அதன் முக்கியமான அடையாளங்களுள் ஒன்று. கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தார் 2001-ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வின்படி, பதினொன்று பன்னிரண்டு வயது நாய்களுள் நூற்றுக்கு 28-க்கும், பதினைந்து பதினாறு வயது நாய்களுள் நூற்றுக்கு 68-க்கும் இதன் அடையாளங்களுள் ஒன்றாயினும் காணப்பட்டது. ஆகவே இது அபூர்வமன்று, கவனிக்கப்படாதது. ஆனால் முதுமை என்று தீர்மானிக்குமுன் நோவு உண்டா, கண் தெரிகிறதா, சிறுநீரகம் சரியா என்று வைத்தியர் பார்க்கவேண்டும். நண்பர் தம் வாகனத்தில் அந்த நாயைக் கொண்டுசென்றார். இரத்தச் சோதனையிற் குறையில்லை. இடுப்பு மூட்டுக்களில் வாதம் இருந்தது. கண்ணில் ஓரளவு படலம். மற்றது மூளையின் முதுமை. மூட்டு நோவுக்கு நாய்க்கென்றே உள்ள மருந்து கொடுக்கப்பட்டது. மறதிக்கும் மருந்து உண்டென்றும், ஒரு மாதம் பார்த்து அதனை யோசிப்போம் என்றும் வைத்தியர் சொன்னார். முடித்துவிடும் பேச்சை அவர் எடுக்கவில்லை.

வீட்டிற் செய்தவை சிறியவை. தரையில் வழுக்காதபடி படுக்கையிலிருந்து பின்கதவு வரை பழைய பாய்கள் விரிக்கப்பட்டன. நடையில் ஒரு சிறு விளக்கு இரவு முழுவதும் எரிகிறது. இருட்டில் மங்கிய கண்ணுக்கு வழி தெரியவேண்டும். கதிரை மேசைகளை இடம் மாற்றுவதில்லை. அது சிக்கி நிற்கும் மூலையில் ஒரு தலையணை செருகப்பட்டது. படுக்கை தடித்த பஞ்சு மெத்தையாயிற்று. மாலையில், வெயில் தணிந்ததும், பையன் தன் குட்டியை ஒரு கையிற் பிடித்துக்கொண்டு, கிழநாயை மற்றக் கையால் மெல்ல ஒழுங்கை முகப்புவரை நடத்தி வருகிறான். பகலுறக்கம் அவ்வளவுக்குக் குறைகிறது. ரீச்சர் தம் கட்டிலைக் கூடத்துக்கு மாற்றிக்கொண்டார். நாய் எழுந்ததும் பெயர் சொல்லி அழைக்கிறார். குரல் வந்த பக்கம் திரும்பி வருகிறது. யன்னல்கள் இப்பொழுது திறந்திருக்கின்றன. பாட்டியாருக்கும் ஊளையின் வரலாறு தெரியும். இரண்டு மணிக்குக் கேட்டால், "ரீச்சற்ரை கிழவன் எழும்பிட்டுது" என்று சொல்லித் திரும்பிப் படுப்பதாக நண்பர் சொன்னார்.

முற்றாகக் குணமாகவில்லை. ஆகாது என்று வைத்தியரும் சொல்லிவிட்டார். வாரத்தில் ஏழு இரவும் எழுந்தது இப்பொழுது மூன்று இரவு எழுகிறது. மருந்தாலா, விளக்காலா, குரலாலா என்று பிரித்துச் சொல்ல என்னால் இயலாது.

சென்ற ஞாயிறு அந்தப் பக்கம் போனபோது ரீச்சரையும் பார்த்து வரலாமென்று படலையைத் திறந்தேன். காலை எட்டு மணி இருக்கும். அவர் கூடத்திற் கதிரையிலிருந்து பத்திரிகை வாசித்துக்கொண்டிருந்தார். நாய் அவர் காலடியில் நீட்டிப் படுத்து உறங்கியது. முன்னங்கால் ஒன்று கனவிலே எதையோ துரத்துவதுபோல மெல்ல அசைந்தது. வணக்கம் சொல்ல வாயெடுத்தேன். அவர் விரலை உதட்டில் வைத்து, மற்றக் கையால் வெளித்திண்ணையைக் காட்டினார். இருவரும் திண்ணையிலிருந்து, மெல்லிய குரலிலே தேநீர் அருந்தும்வரை பேசிக்கொண்டிருந்தோம்.